148 விருப்பங்களும் ஒரு பாதுகாப்பும்: கலந்தாய்வுப் பட்டியல் தயாரித்துத் தரும் சேவை குறித்து ஒரு மதிப்புரை

பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலைத் தயாரித்துக் கொடுப்பதற்கென்றே கட்டணம் வாங்கும் நிலையங்கள், ஜூன் மாதம் பிறந்துவிட்டால் சிறிய ஊர்களில்கூடத் திறக்கப்பட்டுவிடுகின்றன. சில இடங்களில் அது ஜெராக்ஸ் கடையின் மாடி அறை, சில இடங்களில் டியூஷன் சென்டரின் கோடைக்கால அவதாரம். 2024-ஆம் ஆண்டு என் மகளுக்காக எங்கள் ஊரில் இத்தகைய நிலையம் ஒன்றுக்கு 3,500 ரூபாய் செலுத்தினோம். பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏறத்தாழ எல்லா நிலையங்களும் இதே முறையில்தான் செயல்படுகின்றன என்பதால், பெயரைவிட முறையைப் பற்றி எழுதுவதே பயன்படும். ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் கொடுப்பேன். அந்த இரண்டரை அவர்கள் வைத்திருந்த தரவுக்கு உரியது. கழித்த இரண்டரை ஏறக்குறைய முழுவதும் ‘சேஃப்டி’ (நிச்சயம் கிடைக்கும் என்று நம்பிப் பட்டியலின் கீழே எழுதும் பாதுகாப்பு விருப்பம்) என்ற ஒரே சொல்லை அவர்கள் கையாண்ட விதத்துக்கானது.

என் மகள் கணிதத்தில் 88, இயற்பியலில் 85, வேதியியலில் 82 பெற்றிருந்தாள். கணிதத்தை அப்படியே வைத்து மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் 200-க்கு 171.5 கட்-ஆஃப். பிற்படுத்தப்பட்டோர் பிரிவு; மாணவர்களைத் தரவரிசைப்படி பிரித்து நடத்தும் சுற்றுகளில் இரண்டாம் சுற்று. அவள் விரும்பியது மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல் (ஈ.சி.ஈ.). எங்களுக்கு இருந்த கேள்வி எளிமையானது: எட்டக்கூடிய, எட்டாமலும் போகக்கூடிய கல்லூரிகளை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாமா, நிச்சயம் கிடைக்கும் என்று தோன்றும் கல்லூரிகளையும் கீழே சேர்க்க வேண்டுமா? பதில் தெரிந்திருந்தால் நிலையத்துக்கே சென்றிருக்க மாட்டோம்.

இந்தக் கேள்வியே ஒப்பீட்டளவில் புதியது. 1997 முதல் ஒற்றைச் சாளர முறையில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திவந்த கலந்தாய்வில், மாணவர்கள் கிண்டிக்கு நேரில் சென்று, திரையில் ஓடிக்கொண்டிருக்கும் காலியிட விவரத்தைப் பார்த்து, உள்ளே அழைக்கப்பட்டதும் அந்த நேரத்தில் இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். 2009-இல் என் அக்காள் மகனோடு நானும் சென்றிருந்தேன். வெளியே மரத்தடியில் கல்லூரிகளின் துண்டறிக்கைகளை விசிறியாக்கிக்கொண்டு குடும்பங்கள் அமர்ந்திருந்தன. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்ததால், ‘ஒருவேளை கிடைக்காவிட்டால்’ என்ற கவலைக்கு அங்கே இடமில்லை. 2018-இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. மறு ஆண்டு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதை நடத்தும் பொறுப்பை ஏற்றது. பயணச் செலவும் அலைச்சலும் குறைந்தது பெரிய நன்மை. ஆனால் மற்றவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று தெரியாமல் நம் பட்டியலை எழுத வேண்டியதாயிற்று. பாதுகாப்பு விருப்பம் என்ற எண்ணமும், அதை விற்கும் நிலையங்களும் அந்தத் தெரியாமையில் பிறந்தவை.

நிலையத்தின் சேவையில் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து ஆண்டுகளுக்கான கடைசி இட விவரத்தை, அதாவது கடைசி இடம் எந்தக் கட்-ஆஃபுக்குக் கிடைத்தது என்பதை, கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாக, சமூக ஒதுக்கீடு வாரியாக ஒரே தாளில் அடுக்கி வைத்திருந்தார்கள். இவை பெரும்பாலும் கலந்தாய்வு இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைப்பவைதாம் என்றாலும், ஆண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பது பெற்றோருக்குப் பெரிய வசதி. கல்லூரிக் குறியீட்டு எண்களை ஒன்று விடாமல் சரிபார்த்தார்கள். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கு 2005, பக்கத்து எண்ணான 2006 பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரிக்கு என்பது போன்ற இடங்களில் ஓர் இலக்கம் தவறினால் என்ன ஆகும் என்பதை விளக்கவே வேண்டியதில்லை. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ‘எஸ்.எஸ்.’ என்று குறிக்கப்பட்ட பிரிவுகள் சுயநிதிப் பிரிவுகள் என்பதையும், அவற்றின் கட்டணம் வேறு என்பதையும் எங்களுக்கு முதன்முதலில் சொன்னவர்கள் இவர்களே. இதற்காக மட்டும் ஆயிரம் ரூபாய் கொடுத்திருந்தாலும் வருந்தியிருக்க மாட்டேன்.

ஒன்றேகால் மணி நேரம் பேசிய பின் அச்சிட்டுக் கொடுத்த பட்டியலில் 148 விருப்பங்கள் இருந்தன. அதில் 80-ஆவது வரிக்குக் கீழே இருந்தவை எல்லாம் சேஃப்டி என்றார் நிலையத்தை நடத்துபவர். “எத்தனை போட்டாலும் காசா சார், போட்டு வையுங்கள்” என்பது அவருடைய வாதம்.

அந்த வாதத்தில் பாதி முற்றிலும் சரியானது. அதைப் புரிந்துகொள்ளாமல்தான் பல குடும்பங்கள் எதிர்த்திசையில் தவறு செய்கின்றன. எங்கள் தெருவிலேயே ஒருவர், “சேஃப்டி போட்டால் அதுவே வந்து மாட்டிக்கொள்ளும், மேலே இருக்கும் நல்ல கல்லூரி போய்விடும்” என்று உறுதியாகச் சொன்னார். ஒதுக்கீடு நடக்கும் விதம் அப்படியன்று. கணினி ஒரு சுற்றில் உள்ள மாணவர்களைத் தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்கிறது. அவரவர் பட்டியலை முதல் வரியிலிருந்து பார்க்கிறது. பொதுப்பிரிவிலோ அவருடைய சமூக ஒதுக்கீட்டிலோ இடம் இருக்கும் முதல் வரியில் நின்றுவிடுகிறது. 26-ஆவது வரியில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதை, முதல் 25 வரிகளும் கைவிட்டுப் போன பிறகுதான் அது பார்க்கும். ஆகவே கீழே எழுதிய ஒரு பெயர் மேலே எழுதிய ஒரு பெயரை ஒருபோதும் கெடுக்காது. இங்கிலாந்தில் யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் வழியாக விண்ணப்பிக்கும் மாணவருக்கு ஐந்து விருப்பங்களே உண்டு. அவற்றில் ஒன்றைப் பாதுகாப்புக்காகச் செலவழித்தால் ஒரு கனவு குறையும். அமெரிக்காவில் ஒவ்வொரு கூடுதல் விண்ணப்பத்துக்கும் பெரும்பாலும் தனிக் கட்டணமும் தனிக் கட்டுரையும் உண்டு. நம் கலந்தாய்வில் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, வரிக்குக் கட்டணமும் இல்லை. இந்த ஏற்பாட்டில் பாதுகாப்பு விருப்பம் எழுதாமல் விடுவதற்குக் கணக்கின்படி ஒரு காரணமும் கிடையாது.

ஆனால் 148 வரிகள் காசில்லாமல் வருபவை அல்ல என்பதை நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் உணர்ந்தோம். விலை, வரிசையில் இருந்தது. நிலையம் கொடுத்த பட்டியல் என் மகளின் விருப்ப வரிசையில் அமைந்திருக்கவில்லை; சென்ற ஆண்டின் கட்-ஆஃப் இறங்குவரிசையில் அமைந்திருந்தது. மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் கிடைக்கும் வரிசை அது. ஊரார் அதிகம் விரும்பியது மேலே, குறைவாக விரும்பியது கீழே. எந்தக் கல்லூரிக்கு அவள் தினமும் வீட்டிலிருந்து போய்வர முடியும், எந்த விடுதியில் அவளைச் சேர்க்க நாங்கள் தயங்குவோம், எந்தப் பிரிவை அவள் நான்கு ஆண்டுகள் படிக்க மாட்டாள் என்ற எதுவும் அந்த வரிசைக்குத் தெரியாது. கணினியோ பட்டியலில் இருப்பதை அப்படியே நம்பும். முதற்கட்ட ஒதுக்கீடு வந்தபின் ‘ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருக்கிறேன்’ என்று தெரிவு செய்தால், பிறர் விட்டுச் சென்ற இடங்களில் நம் பட்டியலில் மேலே உள்ளது கிடைக்கும்போது அது நம்மை அங்கே மாற்றிவிடும். மாறிய பின் பழைய இடம் நம்முடையதாக இருக்காது. வரிசை தவறாக இருந்தால், பிடித்த கல்லூரியிலிருந்து பிடிக்காத கல்லூரிக்கு ‘உயர்வு’ பெறும் வேடிக்கையும் நடக்கும். நிலையத்தில் மேல்நோக்கிய தெரிவைப் பற்றி ஐந்து நிமிடம் விளக்கினார்கள், ஆனால் அது பட்டியலின் வரிசையை நம்பியே இயங்குகிறது என்பதை ஒரு வாக்கியத்தில்கூடச் சொல்லவில்லை.

இரண்டாவது குறை, கட்-ஆஃபை மட்டுமே வைத்துப் பாதுகாப்பை அளந்தது. 171.5 என்பது ஓர் ஆண்டில் குறிக்கும் இடமும் அடுத்த ஆண்டில் குறிக்கும் இடமும் ஒன்றல்ல. வினாத்தாள் எளிதாக இருந்து பலர் உயர்ந்த மதிப்பெண் பெற்ற ஆண்டில் அதே எண்ணுக்குரிய தரவரிசை பின்னால் போய்விடும். ஒப்பிட வேண்டியது தரவரிசையை, அதிலும் சமூகப் பிரிவுத் தரவரிசையை. இரண்டும் மாணவருக்கு வெளியிடப்படுகின்றன. இதோடு இடங்களின் எண்ணிக்கையும் நிலையாக இருப்பதில்லை. நன்கு செயல்படும் கல்லூரிகள் இடங்களை உயர்த்துவதற்கு இருந்த உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2024-25 கல்வியாண்டு முதல் நீக்கியது. கணினி அறிவியலில் இடம் கூடினால், அங்கே போகும் மாணவர்கள் காலி செய்யும் மின்னணுவியல் இடங்களின் கடைசி எண்ணும் அசையும். ஐந்து ஆண்டுத் தரவை வைத்திருந்தவர்கள் இதை எங்களிடம் சொல்லியிருக்கலாம். என் மகளுக்குக் கிடைத்த தரவரிசை முந்தைய ஆண்டின் 171.5-க்கு உரியதைவிடப் பின்தங்கியிருந்தது. ஆகவே ‘கட்டாயம் கிடைக்கும்’ என்று பச்சை வண்ணம் தீட்டப்பட்டிருந்த பல வரிகள் உண்மையில் மஞ்சளாக இருந்திருக்க வேண்டியவை.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை ஐயமாக மட்டுமே பதிவு செய்கிறேன். பட்டியலின் நடுப்பகுதியில் ஒரே அறக்கட்டளையைச் சேர்ந்த மூன்று கல்லூரிகள், அவற்றின் கடைசி இட விவரம் சுட்டும் இடத்தைவிட உயரத்தில் அமர்ந்திருந்தன. மற்றெல்லா வரிகளும் எண் வரிசையில் இறங்கும்போது இவை மூன்று மட்டும் ஏறி நின்றதற்குக் காரணம் கேட்டேன். “நல்ல பிளேஸ்மென்ட் சார்” என்றார். அதற்கு மேல் என்னிடம் ஆதாரம் இல்லை. இத்தகைய சேவையைப் பயன்படுத்துபவர்கள் அந்தந்த வரிக்கு நேராகச் சென்ற ஆண்டின் எண்ணை எழுதிப் பார்த்தால், எது எங்கே துருத்திக்கொண்டு நிற்கிறது என்பது தானே தெரிந்துவிடும்.

கலந்தாய்வுக்கு வெளியே ஒரு பாதுகாப்பையும் அவர் பரிந்துரைத்தார். ஏதாவது ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் முன்பணம் கட்டி ஓர் இடத்தைப் பிடித்து வைத்துவிட்டு, கலந்தாய்வில் நல்லது கிடைத்தால் அதை விட்டுவிடலாம் என்பது யோசனை. நடுத்தரக் குடும்பங்கள் மே மாதத்திலேயே செய்துவிடும் காரியம் இது. பாதுகாப்பு விருப்பத்தின் உண்மையான செலவு இங்கேதான் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2024-25-ஆம் ஆண்டுக்கு, செப்டம்பர் 30 வரை விலகுவோருக்கு முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31 வரை விலகுவோருக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியையும் திருப்பித் தர வேண்டும் என்று அறிவித்திருந்தது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக்கூடாது என்பதும் விதி. விதி இருப்பது ஆறுதலே. ஆனாலும் கடன் வாங்கிக் கட்டிய பணம் திரும்பி வரும் வரை வட்டி கட்டுவது நாம்தான் என்பதால் நாங்கள் அந்த வழிக்குப் போகவில்லை. வசதி உள்ளவர்கள், விதியைப் படித்துவிட்டுச் செய்வதில் தவறு சொல்ல மாட்டேன். நிலையம் அந்த விதியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கட்டச் சொன்னதைத்தான் தவறு என்கிறேன்.

பட்டியல் கைக்கு வந்த இரண்டாம் நாள் மாலை, 148 வரிகளையும் மேசையில் பரப்பி, ஒவ்வொரு வரிக்கும் மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: நாளைக் காலை இது ஒன்றுதான் கிடைத்தது என்றால் போய்ச் சேருவாயா, அல்லது மூன்றாம் சுற்றில் மிச்சம் இருப்பதற்காகக் காத்திருப்பாயா? “இதுக்குப் பதிலா நான் காத்திருக்கிறேன்பா” என்று அவள் சொன்னவற்றை எல்லாம் சிவப்பு மையால் அடித்தோம். பாதுகாப்பு என்று நிலையம் கொடுத்த 68 வரிகளில் மிஞ்சியவை நான்கு. சேரப்போவதில்லை என்று முன்பே தெரிந்த ஒரு பெயரைப் பட்டியலில் வைத்தால் கணினி அதற்காக எதையும் பிடுங்கிக்கொள்ளாது. வேண்டாம் என்று மறுத்து அடுத்த சுற்றுக்குப் போகவும் இரண்டாம் சுற்றில் வழி உண்டு. அழுத்தம் வீட்டில்தான் வரும். ஒதுக்கீட்டுக் கடிதத்தில் கல்லூரியின் பெயர் அச்சாகி வந்துவிட்டால், கையில் வந்ததை விடலாமா என்று பாட்டி தொடங்குவார், பெரியப்பா தொலைபேசியில் தொடர்வார், உறுதி செய்ய இருக்கும் இரண்டு நாளும் அந்த விவாதத்திலேயே கழிந்து, நான்கு ஆண்டுகள் முடிவாகிவிடும். எழுதும்போது இல்லாத மதிப்பு, கிடைத்துவிட்டது என்பதாலேயே ஓர் இடத்துக்கு வந்துவிடுகிறது.

பாதுகாப்பு விருப்பத்தில் இரண்டு வகை உண்டு என்பதையும் அந்த மேசையில்தான் கண்டுகொண்டோம். பிரிவை விடாமல் கல்லூரியில் இறங்கி வருவது ஒன்று. கல்லூரியை விடாமல் பிரிவில் இறங்கி வருவது மற்றொன்று. அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கும் சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்துக்கும் உள்ள தொலைவைப் பார்த்தால், சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் படிப்பது, பெயர் தெரியாத கல்லூரியில் மின்னணுவியல் படிப்பதைவிட எனக்குச் சிறப்பாகவே தோன்றியது. மகள் அதை ஒரு மாலை முழுவதும் படித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றாள். அவளுக்கு வேண்டாம் என்பது சரி. வேறொரு பிள்ளைக்கு அதுவே முதல் பாதுகாப்பாக இருக்கலாம். நிலையத்தின் பட்டியலில் இந்த இரண்டாம் வகையில் ஒரு வரிகூட இல்லை. ‘ஈ.சி.ஈ.’ என்று நாங்கள் சொன்னதை வடிகட்டியில் தட்டச்சு செய்ததோடு அவர்கள் வேலை முடிந்துவிட்டது.

மிஞ்சிய நான்கோடு நாங்களே தேடிச் சேர்த்த இரண்டையும் கூட்டி ஆறு பாதுகாப்பு விருப்பங்களைக் கடைசியில் வைத்தோம்; மொத்தம் 31 வரிகள். அவற்றில் பேருந்தில் போய்வரக்கூடிய மூன்று கல்லூரிகளுக்கு, பட்டியலைப் பதிவேற்றும் கடைசி நாளுக்கு முந்தைய நாள் நேரிலேயே சென்று வந்தோம். முதலிடத்துக்கான கல்லூரியைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது, தகவலுக்குப் பஞ்சமில்லை. சேரும் வாய்ப்பு அதிகமுள்ள கடைசிக் கல்லூரியைப் பற்றித்தான் யாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. ஓர் இடத்தில் ஆய்வகக் கருவிகளின் மீது உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. அதை அன்றே நீக்கினோம். இன்னொன்றில், மதிய வேளையில் வராந்தாவில் நின்ற மூன்றாம் ஆண்டு மாணவிகள் மகளோடு அரை மணி நேரம் பேசினார்கள். எந்த ஆசிரியர் நடுவில் விலகினார் என்பது வரை சொன்னார்கள். திரும்பும் வழியில் அந்தக் கல்லூரியைப் பாதுகாப்பு விருப்பங்களில் முதலாவதாக வைக்கச் சொன்னாள். ஒன்றை நீக்கியதால் 30 ஆகிவிட்ட பட்டியலில் அது 26-ஆவது வரியானது.

முதற்கட்ட ஒதுக்கீடு வந்த காலையில் கிடைத்ததும் அந்த 26-ஆவது வரியே. மேலே இருந்த 25-இல் ஒன்றும் இறங்கி வரவில்லை. பாதுகாப்பு எழுதாமல் விட்டிருந்தால் மூன்றாம் சுற்றில் மிஞ்சிய இடங்களோடு நின்றிருப்போம். வருத்தம் இருந்தது, அதிர்ச்சி இல்லை. மேல்நோக்கிய தெரிவைக் கொடுத்துவிட்டு உதவி மையத்தில் கட்டணம் செலுத்தினோம். உயர்வு ஒன்றும் வரவில்லை, அங்கேயே சேர்ந்தாள். கலந்தாய்வு முடிந்தபின் வெளியான விவரத்தோடு நிலையத்தின் 148 வரிப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தேன். அதை அப்படியே பதிவேற்றியிருந்தால் 41-ஆவது வரியில் ஓர் இடம் கிடைத்திருக்கும். நான் துருத்திக்கொண்டு நிற்பதாகச் சொன்ன மூன்றில் ஒன்று அது. அவள் சிவப்பு மையால் அடித்தவற்றிலும் ஒன்று. இப்போது படிக்கும் கல்லூரி அந்தப் பட்டியலில் 97-ஆவதாக இருந்தது.

இவ்வாண்டு என் தம்பி மகனுக்காக அதே நிலையத்துக்கு மீண்டும் சென்றேன். கட்டணம் 4,000 ஆகிவிட்டது. பட்டியல் 160 வரிகளைத் தாண்டிவிட்டது. ஐந்தாண்டுத் தரவுத் தாளையும் குறியீட்டு எண் சரிபார்ப்பையும் மட்டும் தனியாகக் கொடுப்பீர்களா, பட்டியலை நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்று கேட்டேன். அப்படி ஒரு கட்டணம் தங்களிடம் இல்லை என்றார்.